சுவர் வரைந்த சனிக்கிழமைகள்: இணையத்தில் ஆர்பிஜி ஆட்டம் நடத்தக் கருவி தேடிய அனுபவம்

இணையத்தின் வழியே டேபிள்டாப் ஆர்பிஜி எனப்படும், பாத்திரமேற்றுக் கதை ஆடும் ஆட்டம் ஒன்றை நடத்த எந்தக் கருவியைத் தேர்வது என்று தெரியாமல் ஒன்றரை ஆண்டுக் காலத்தையும் 22,300 ரூபாயையும் நான் இழந்தேன். பணத்தைவிட என்னை அதிகம் வருத்தியது வேறொன்று. ஐந்து பேர் கொண்ட எங்கள் மேசையிலிருந்து, அதாவது ஆட்டக் குழுவிலிருந்து, ஒரு தோழி ஓசையின்றி விலகிப் போனாள். அதற்கு நான் தேர்ந்த கருவிகளே காரணம் என்பது எனக்கு நான்கு மாதம் கழித்துத்தான் தெரிய வந்தது. நான் தொடங்கிய நேரத்தில் இதையெல்லாம் பட்டறிந்த ஒருவர் உட்காரவைத்துச் சொல்லியிருந்தால், செலவில் முக்கால் பங்கை மிச்சப்படுத்தியிருப்பேன், அவளும் விலகியிருக்க மாட்டாள். இப்போது தொடங்க நினைப்பவர்களுக்காக நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது, என்ன பேசுகிறது என்று சொல்வார்கள். முடிவு உறுதியில்லாத இடங்களில் பகடை உருட்டப்படும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இந்த வகைக்கு முன்னோடி. நாங்கள் ஆடியது 2014இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பு. கல்லூரி விடுதியில் கட்டம் போட்ட ரெக்கார்டு நோட்டில் குகையை வரைந்து, புளியங்கொட்டைகளை அரக்கர்களாக வைத்து, நான்கு முகம் முதல் இருபது முகம் வரையுள்ள ஒரே ஒரு பகடைத் தொகுப்பை ஐந்து பேரும் மாறி மாறி உருட்டி ஆடினோம். படிப்பு முடிந்ததும் ஒருவன் டொராண்டோவுக்கும் ஒருவன் சிங்கப்பூருக்கும் போனார்கள். ஒருத்தி வேலைக்காகச் சென்னைக்கும், இன்னொருத்தி வீட்டுச் சூழ்நிலையால் திருநெல்வேலிக்கும் திரும்பினார்கள். நான் கோயம்புத்தூரிலேயே இருந்துவிட்டேன். 2022 ஜூனில் மறுபடி ஆடலாம் என்று முடிவெடுத்தபோது, நடத்துபவன் என்ற முறையில் கருவிகளைத் தேர்வது என் பொறுப்பாயிற்று.

முதல் மூன்று ஆட்டங்களைக் கூகுள் மீட்டில் நடத்தினேன். புத்தகங்களை இரண்டு அடுக்காக அடுக்கி, நடுவே ஓர் அளவுகோலை வைத்து, அதில் பழைய கைபேசியைக் கட்டி, அதன் கேமரா கீழேயிருந்த நோட்டைக் காட்டும்படி செய்திருந்தேன். பகடையை அவரவர் வீட்டில் உருட்டி எண்ணை வாயால் சொன்னார்கள். மூன்று பேரோ அதற்கு மேலோ சேரும் இலவச அழைப்பு அறுபது நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதால், மணிக்கு ஒருமுறை வெளியேறி மறுபடி நுழைய வேண்டியிருந்தது. அது ஒன்றுதான் தொந்தரவு. அந்த மூன்று ஆட்டங்களிலும் ஐந்து பேரும் சிரித்துப் பேசி விளையாடினோம் என்பதை இன்று எண்ணிப் பார்க்கும்போது, அங்கேயே நின்றிருக்கலாமே என்று தோன்றுகிறது. ஆனால் அப்போது நான் வெளிநாட்டவர்கள் ஆடும் காணொளிகளை இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களுடைய திரையில் தீப்பந்தம் நகர்ந்தால் நிழலும் சேர்ந்து நகர்ந்தது. கதவைத் திறந்தால் அறை வெளிச்சமாயிற்று. என்னுடைய நோட்டும் அளவுகோலும் எனக்கு வெட்கமாக இருந்தன. நண்பர்கள் யாரும் குறை சொல்லவில்லை. நானாகத்தான் குறையைத் தேடிக்கொண்டேன்.

2022 ஜூலையில், வரைபடமும் பகடையும் திரையிலேயே இருக்கும், மெய்நிகர் மேசை என்று சொல்லத்தக்க ஒரு சேவைக்கு ஓராண்டுச் சந்தா கட்டினேன். நகரும் ஒளியும் நிழலும் கட்டணத் திட்டத்தில் மட்டுமே கிடைத்ததால், ஒரு நாள்கூட இலவசத் திட்டத்தில் ஆடிப் பார்க்காமல் 8,200 ரூபாய் செலுத்தினேன். அதோடு நிற்கவில்லை. விதிப் புத்தகமும் அரக்கர்களின் தொகுப்பும் அச்சில் என்னிடம் இருந்தன. அவற்றின் டிஜிட்டல் வடிவத்தை அதே சேவையில் 5,600 ரூபாய்க்கு மறுபடி வாங்கினேன். பாத்திரத்தின் திறன்களைக் குறித்துவைக்கும் பாத்திரத் தாளில் மந்திரத்தின் பெயரை இழுத்துப் போட்டால் கணக்கு தானாக நடக்கும் என்ற ஆசைதான் காரணம். ஒரு தளத்தில் வாங்கிய டிஜிட்டல் புத்தகம் பெரும்பாலும் அந்தத் தளத்தோடு கட்டுண்டது, தளத்தை மாற்றினால் புத்தகம் கூட வராது என்பதை நான் யோசிக்கவே இல்லை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான்: மூன்று மாதமாவது ஒரே தளத்தில் இலவசமாக ஆடி, அங்கேயே இருக்கப் போகிறோம் என்று மேசை முழுவதும் ஒப்புக்கொள்ளும்வரை டிஜிட்டல் புத்தகம் வாங்காதீர்கள். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளைத் தொகுத்துச் சொல்லும் எஸ்ஆர்டி 5.1 என்ற ஆவணம் 2023 ஜனவரியில், யாரும் இலவசமாகப் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டது. அதில் எல்லா மந்திரங்களும் எல்லா அரக்கர்களும் இல்லை. ஆனாலும் புதிய மேசை ஒன்று ஓராண்டு ஆடுவதற்கு அது போதும், அதற்கு ஒரு ரூபாயும் தரவேண்டியதில்லை.

அடுத்த ஏழு மாதங்கள் என் வாழ்க்கையில் நான் திரும்பப் பெற முடியாத சனிக்கிழமைகள். ஒளியும் நிழலும் வேலை செய்ய வேண்டுமானால், படமாக ஏற்றிய வரைபடத்தின் மேல் ஒவ்வொரு சுவரையும் நாமே கோடாக மறுபடி வரைந்து, இது சுவர், இது கதவு, இது ஜன்னல் என்று மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும். ஒரு நடுத்தரக் கோட்டைக்கு எனக்கு மூன்று முதல் நான்கு மணி நேரம் பிடித்தது. அழகான வரைபடங்களுக்காக இன்னொரு 2,700 ரூபாய் கொடுத்தேன். அலுவலக வாரம் முடிந்து சனிக்கிழமை முழுவதும் சுவர் வரைந்துவிட்டு ஞாயிறு ஆட்டத்துக்கு உட்கார்ந்தால், நண்பர்கள் கோட்டைக்குள் நுழையாமல் வாசலிலிருந்த காவலனிடம் பேச்சுக் கொடுத்து அவனோடு சாராயக்கடைக்குப் போய்விடுவார்கள். நேரில் ஆடிய காலத்தில் இதைத்தான் நான் மிகவும் விரும்பினேன். அவர்கள் எந்தத் திசையில் போனாலும் புளியங்கொட்டையை நகர்த்திக்கொண்டு நானும் கூடவே போவேன். இப்போதோ எனக்குக் கோபம் வந்தது. வரைந்த சுவர்கள் வீணாகக் கூடாதே என்று அவர்களை மறைமுகமாகக் கோட்டைக்குள் தள்ளத் தொடங்கினேன். செலவழித்த உழைப்பு கதையின் போக்கைத் தீர்மானிக்க ஆரம்பித்தது என்பதை நான் உணரவில்லை. சிங்கப்பூர் நண்பன் ஒருநாள், முன்பெல்லாம் நீ எங்களைக் கேட்பாய், இப்போது நீயே சொல்கிறாய் என்றபோது அவன்மேல் எரிச்சல்தான் பட்டேன்.

பின்னாளில் ஒரு வேலை செய்தேன். எல்லோருடைய சம்மதத்தோடும் நான்கு ஆட்டங்களை ஒலிப்பதிவு செய்து, எந்த நேரத்தில் வரைபடத்தைப் பார்த்தோம் என்று கணக்கிட்டேன். மூன்று மணி நேர ஆட்டத்தில் சராசரியாக நாற்பது நிமிடம். மீதி நேரம் முழுவதும் பேச்சு. அதாவது எங்கள் ஆட்டத்தின் பெரும்பகுதியைத் தாங்கியது குரல். நானோ குரலுக்காக ஒரு ரூபாயும் செலவிடாமல் வரைபடத்துக்காக எல்லாவற்றையும் கொட்டியிருந்தேன். நீங்கள் எந்தக் கருவிக்கும் பணம் கட்டும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு மேசைக்கும் விடை வேறாக இருக்கும். சண்டையையே முதன்மையாகக் கொண்டு, ஐந்தாம் பதிப்பின் ஐந்தடிக் கட்டங்களை எண்ணி எண்ணி நகர்பவர்களுக்கு நல்ல வரைபடக் கருவி தேவைதான். முப்பதடி நகரக்கூடிய பாத்திரம் ஆறு கட்டம் போகும் என்பது அங்கே வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும். 1981 முதல் வெளிவரும் கால் ஆஃப் கதுல்ஹு போன்ற துப்பறியும் ஆட்டத்துக்கோ கட்டங்களே வேண்டாம். நூறுக்குள் ஓர் எண்ணை உருட்டத் தெரிந்தால் போதும். எந்த மென்பொருள் சிறந்தது என்று கேட்பதற்கு முன், நாம் ஆடும் ஆட்டத்தின் விதிகள் திரையில் எதைக் கேட்கின்றன என்று பார்க்க வேண்டும்.

நடுவில் நேரக் குழப்பம் ஒன்றும் வந்தது. எங்கள் ஆட்டம் ஞாயிறு காலை ஏழரை மணிக்கு. கோடையில் அது டொராண்டோவில் சனி இரவு பத்து மணி, சிங்கப்பூரில் ஞாயிறு காலை பத்து மணி. நவம்பர் முதல் ஞாயிறன்று டொராண்டோவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அதன்பின் நம் ஏழரை அவர்களுக்கு இரவு ஒன்பது மணி ஆகிவிடும். 2022 நவம்பர் இரண்டாம் ஞாயிறு டொராண்டோ நண்பன் வழக்கம்போல் பத்து மணிக்கு வந்தான். நாங்கள் நால்வர் ஒரு மணி நேரம் காத்திருந்து களைத்துப்போயிருந்தோம். குழுவாகப் பேசவும் எழுதவும் உதவும் டிஸ்கார்ட் செயலியில் நிகழ்ச்சி என்று ஒன்றைப் பதிந்து வைத்தால் அவரவர் ஊர் நேரத்திலேயே அது காட்டும். இதற்குச் செலவு எதுவும் இல்லை, இரண்டு நிமிட வேலை.

2023 பிப்ரவரியில், ஆண்டுதோறும் சந்தா கட்டுவதைவிட ஒரேமுறை வாங்கிவிடலாம் என்று, இன்னொரு மெய்நிகர் மேசையான ஃபவுண்ட்ரி மென்பொருளின் பக்கம் திரும்பினேன். அது 2020இல் வெளிவந்தது. நடத்துபவர் மட்டும் உரிமம் வாங்கினால் போதும், மற்றவர்கள் தங்கள் பிரவுசர் வழியே இணைந்துகொள்ளலாம். விலை 50 டாலர். அன்றைய மாற்று மதிப்பில் சுமார் 4,100 ரூபாய், அதன்மேல் வெளிநாட்டுப் பரிமாற்றத்துக்கு வங்கி எடுத்துக்கொண்டதும் சேர்த்து ஏறக்குறைய 4,300. டாலரில் வாங்கும் எல்லோரும் அந்த மூன்றரை விழுக்காடு அளவிலான வங்கிக் கட்டணத்தையும் அதன்மேல் வரும் ஜிஎஸ்டியையும் முன்கூட்டியே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மென்பொருள் மிக நன்றாக இருந்தது. அதைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அதில் ஆட்டம் நம் கணினியில் இயங்கும், நண்பர்கள் இணையம் வழியே நம் வீட்டுக்குள் வருவார்கள் என்பதன் பொருள் எனக்கு அப்போது புரியவில்லை.

வழிகாட்டிகள் எல்லாம் ரவுட்டரில் 30000 என்ற போர்ட்டை, அதாவது வெளி இணைப்பு உள்ளே வரும் வாசலை, திறந்துவிடச் சொன்னன. திறந்தேன். யாராலும் உள்ளே வர முடியவில்லை. இரண்டு இரவுகள் விடிய விடிய ரவுட்டரை அணைத்து அணைத்துப் போட்டேன், மென்பொருளை அழித்து மறுபடி நிறுவினேன், கணினியின் பாதுகாப்பு ஃபயர்வாலை அணைத்தேன், மறுநாள் அலுவலகத்தில் தூங்கி விழுந்தேன். கடைசியில் காரணம் தெரிந்தது. என் இணையச் சேவை நிறுவனம், நம் நாட்டில் பல நிறுவனங்கள் செய்வதுபோல, ஒரே பொது இணைய முகவரியை (ஐபி) பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுத்திருந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பின் முகவரி மட்டும் இருந்து கதவு எண் இல்லாவிட்டால் தபால்காரர் எந்த வீட்டில் கடிதத்தைப் போடுவார்? அதுபோல வெளியிலிருந்து வரும் இணைப்பு என் வீட்டைக் கண்டுபிடிக்கவே முடியாது. என் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் பயனில்லை. இதை ஐந்தே நிமிடத்தில் சோதிக்கலாம். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் அதற்கு வெளிப்புறமாகக் கிடைத்திருக்கும் முகவரியைப் பாருங்கள். உங்கள் இணைய முகவரி என்ன என்று காட்டும் ஏதேனும் ஒரு வலைத்தளத்தையும் பாருங்கள். இரண்டும் வேறாக இருந்தால், அதிலும் ரவுட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், நீங்களும் அந்தப் பகிர்வுக்குள்தான் இருக்கிறீர்கள். அப்படியானால் நிறுவனத்திடம் உங்களுக்கே உரிய மாறாத முகவரியைக் கட்டணம் கொடுத்து வாங்கலாம், சுரங்கப்பாதை போன்ற இணைப்பை ஏற்படுத்தித் தரும் சேவை ஒன்றைப் பயன்படுத்தலாம், அல்லது ஆட்டத்தை வாடகை சர்வர் ஒன்றில் வைக்கலாம். இந்தச் சோதனையை மென்பொருள் வாங்கும் முன்பே செய்திருந்தால் அந்த இரண்டு இரவுகளும் எனக்கு மிஞ்சியிருக்கும்.

முதலில் சுரங்க இணைப்பைத்தான் பயன்படுத்தினேன். இரண்டாவது ஞாயிறே எங்கள் தெருவில் மின்தடை. மீட்டில் ஆடிய காலத்தில் என் வீட்டில் மின்சாரம் போனால் நான் மட்டும் விழுவேன், மற்ற நால்வரும் பேசிக்கொண்டிருப்பார்கள், நான் கைபேசியில் இரண்டு நிமிடத்தில் திரும்பி வருவேன். இப்போது என் கணினியே சர்வர் என்பதால் மேசை முழுவதும் விழுந்தது. டொராண்டோவில் இரவில் தூக்கத்தை ஒத்திவைத்து உட்கார்ந்தவனிடம், எங்கள் தெருவில் மரம் வெட்டுகிறார்கள் என்று சொல்லும்போது மனம் குன்றிப்போயிற்று. அதன்பின் வாடகை சர்வருக்கு மாறி மூன்று மாதத்துக்கு 1,500 ரூபாய் கட்டினேன். வீட்டிலிருந்தே நடத்தத்தான் வேண்டும் என்றால், கணினிக்கு மட்டுமல்லாமல் ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் சேர்த்து ஒரு சிறிய யுபிஎஸ் வாங்கி வையுங்கள்.

ஜூனில் இன்னொரு தவறு செய்தேன், இது முழுக்க என்னுடையது. ஃபவுண்ட்ரியின் பெரிய பலம், பலரும் எழுதிச் சேர்க்கும் மாட்யூல்கள் என்ற கூடுதல் சிறுநிரல்கள். நான் அப்போது இருபத்தேழு மாட்யூல்களை நிறுவியிருந்தேன். அவற்றில் பாதி என்ன செய்கின்றன என்றே எனக்கு நினைவில்லை. சனி இரவு பதினொரு மணிக்குப் புதிய பதிப்பு வந்திருப்பதைப் பார்த்து, காப்புநகல் எடுத்தீர்களா என்ற எச்சரிக்கையைப் படிக்காமலே புதுப்பித்தேன். மையமான மென்பொருள் ஒன்று, அதைச் சார்ந்த மாட்யூல்களை எழுதுபவர்கள் வேறு வேறு ஆட்கள்; முன்னது மாறிய அன்றே பின்னவையும் மாறிவிடும் என்று எதிர்பார்க்க யாருக்கும் உரிமை இல்லை. காலையில் ஆட்டம் திறக்கவில்லை. அதுவரையிலான கதைக்குறிப்புகளும் அதற்குள்ளேயே இருந்தன. குறிப்புகளை மீட்டெடுக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று; அந்த மூன்று ஞாயிறும் ஆட்டம் இல்லை. அன்றிலிருந்து நான் பின்பற்றுவது: கதை நடந்துகொண்டிருக்கும்போது பதிப்பை மாற்றுவதில்லை, கதைக்குறிப்பையும் பாத்திரத் தாள்களையும் எந்த மேசை மென்பொருளுக்குள்ளும் பூட்டி வைப்பதில்லை, சாதாரணக் கூகுள் ஆவணத்தில் எழுதி ஐவரும் பார்க்கும்படி வைத்திருக்கிறோம். கருவி மாறும், கதை மாறாது. கதை இருக்கும் இடம் எந்தக் கருவிக்கும் சொந்தமாக இருக்கக் கூடாது.

அந்த இடைவெளிக்குப் பிறகு நெல்லைத் தோழி வருவது குறைந்தது. ஆகஸ்டில் வேலை அதிகம் என்று சொல்லி நின்றுவிட்டாள். நான் நம்பினேன். டிசம்பரில் அவள் கோயம்புத்தூர் வந்தபோது தேநீர்க் கடையில் வைத்துத்தான் உண்மையைச் சொன்னாள். அவளிடம் இருந்தது தம்பியோடு பகிர்ந்துகொள்ளும் 4 ஜிபி நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினி. தம்பிக்குத் தேர்வு என்றால் கைபேசிதான். நான் சுவர் வரைந்து ஒளியூட்டிய கோட்டைகள் அவளுடைய திரையில் பெரும்பாலும் கறுப்பாகவே இருந்திருக்கின்றன. நாங்கள் கதவைத் திறந்து வியந்துகொண்டிருந்தபோது அவள் வெறும் கறுப்பைப் பார்த்துக்கொண்டு, நாங்கள் பேசுவதிலிருந்து என்ன நடக்கிறது என்று ஊகித்து, தன் முறை வரும்போது எதையோ சொல்லிச் சமாளித்திருக்கிறாள். "நீ அவ்வளவு கஷ்டப்பட்டு வரைஞ்சிருக்கே, அதை எப்படிடா உன்கிட்டச் சொல்றது" என்றாள். ஏறக்குறைய ஓராண்டு முழுவதும் அவள் சொல்லவில்லை. ஓராண்டு முழுவதும் நானும் கேட்கவில்லை. அன்று வீடு திரும்பிய நான் வெகுநேரம் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

அதன்பின் அந்தக் கறுப்புத் திரைக்கான காரணத்தைத் தேடிப் படித்தேன். பலர் இதைத் தவறாகப் புரிந்துகொள்வதால் விரிவாகச் சொல்கிறேன். முப்பதுக்கு நாற்பது கட்டம் உள்ள ஒரு வரைபடத்தை, கட்டத்துக்கு 140 பிக்சல் என்ற தரத்தில் வைத்தால், படம் 4,200க்கு 5,600 பிக்சல் ஆகிறது. மொத்தம் 2 கோடியே 35 லட்சம் பிக்சல்களுக்கு மேல். கோப்பின் அளவு பெரிதாக இருக்கிறது என்று அதை வெப்பி (WebP) என்ற படக்கோப்பு வடிவத்துக்கு மாற்றி 22 எம்பியிலிருந்து 3 எம்பியாகச் சுருக்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரவிறக்கம் விரைவாகும், தோழியின் டேட்டா மிஞ்சும். ஆனால் திரையில் காட்டும்போது கணினி அதை முழுதாக விரித்துத்தான் நினைவகத்தில் வைக்க வேண்டும். பிக்சலுக்கு நான்கு பைட் வீதம் அது ஏறக்குறைய 94 எம்பி. கோப்பு 3 எம்பியாக இருந்தாலும் இது குறையாது. அதன்மேல் ஒளியும் நிழலும் சேர்ந்தால் பழைய கருவி திணறி நின்றுவிடும். அதே வரைபடத்தைக் கட்டத்துக்கு 70 பிக்சல் என்று குறைத்தால் 2,100க்கு 2,800 ஆகி, நினைவகத் தேவை கால் பங்காக, சுமார் 23.5 எம்பியாக இறங்கும். கைபேசித் திரையில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதே இல்லை. ஆகவே இரண்டையும் செய்யுங்கள்: டேட்டாவுக்காகக் கோப்பைச் சுருக்குங்கள், நினைவகத்துக்காகப் பிக்சலைக் குறையுங்கள். ஃபவுண்ட்ரி கைபேசிக்காக உருவாக்கப்பட்டதல்ல என்பதையும் வாங்கும் முன் அதன் தேவைகளைப் படித்து நான் அறிந்திருக்க வேண்டும்.

2024 ஜனவரியில் ஐவரும் மறுபடி கூடினோம். இம்முறை கருவிகளைப் பற்றி நான் முடிவெடுக்கவில்லை, கேள்விகள் கேட்டேன். உங்களிடம் உள்ள கருவி எது, ஆட்ட நாளில் அதை வேறு யார் பயன்படுத்துவார்கள், வைஃபையா கைபேசி டேட்டாவா, வீட்டில் தனியறை உண்டா, பேசும்போது அடுத்த அறையில் யாராவது தூங்குவார்களா என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டேன். கூட்டத்தில் கேட்டால் எல்லோரும் பிரச்சினை இல்லை என்றுதான் சொல்வார்கள். தனியாகக் கேட்டபோது சென்னைத் தோழி, தங்கும் விடுதியில் அறைத்தோழி இருப்பதால் உரக்கப் பேச முடியாமல் பல நாள் தட்டச்சு செய்ததைச் சொன்னாள். ஐந்து விடைகளில் எது மிகவும் பலவீனமானதோ அதற்கு ஏற்றபடி மேசையை அமைத்தோம்.

இப்போது நாங்கள் பயன்படுத்துவதைச் சொல்கிறேன். குரலுக்கு டிஸ்கார்ட். பேச முடியாதவர் எழுதவும் அங்கேயே இடம் இருக்கிறது. எழுதியதை நான் படித்துக்காட்டிய பிறகே கதையை நகர்த்துவேன் என்பது எங்கள் ஏற்பாடு. வரைபடம் தேவைப்படும் நாற்பது நிமிடத்துக்கு மட்டும் ஔல்பேர் ரோடியோ என்ற எளிய வரைபடக் கருவி. அதற்கு ஆட்ட விதிகள் எதுவும் தெரியாது. படத்தைக் காட்டும், பாத்திரங்களைக் குறிக்கும் டோக்கனை நகர்த்தும், மறைத்து வைத்ததைத் திறக்கும், அவ்வளவுதான். எங்களுக்குத் தேவையும் அவ்வளவுதான். நண்பர்கள் கணக்குத் தொடங்காமல் இணைப்பைத் தட்டி உள்ளே வந்துவிடுகிறார்கள், கைபேசியிலும் திறக்கிறது. பகடைக்கு டிஸ்கார்டுக்குள்ளேயே இயங்கும் அவ்ரே என்ற தானியங்கி நிரலைச் சேர்த்திருக்கிறோம். சிங்கப்பூர் நண்பன் மட்டும் விடுதிக் காலத்துப் பகடையைக் கையால் உருட்டுவேன் என்றான். அவன் சொல்லும் எண்ணை நம்புகிறோம். பத்தாண்டுப் பழக்கமுள்ளவர்கள் ஒருவரையொருவர் நம்பாமல் மென்பொருளை நம்பவேண்டிய அவசியம் என்ன? முன்பின் அறியாதவர்களோடு ஆடும் மேசையில், எல்லோரும் பார்க்கும்படி உருளும் பகடை நல்லது. அங்கே அது வீண் சந்தேகத்தைத் தவிர்க்கும்.

இந்த முறை நான் பணம் செலவிட்டது ஒன்றுக்குத்தான். மைக் இணைந்த கம்பி ஹெட்செட் ஒன்று, 900 ரூபாய். என் மடிக்கணினியின் ஒலிபெருக்கியிலிருந்து நண்பர்களின் குரல் மறுபடி மைக்குக்குள் புகுந்து எதிரொலித்துக்கொண்டிருந்தது என்பதை அதை மாட்டிய பிறகே அறிந்தேன். நேரில் ஐந்து பேர் ஒரே சமயத்தில் பேசினாலும் காது பிரித்துக்கொள்ளும். இணையத்தில் இரண்டு பேர் சேர்ந்து பேசினால் இரண்டும் கெட்டுவிடும். ஆகவே ஒவ்வொரு காட்சியிலும் யார் இன்னும் பேசவில்லை என்று காகிதத்தில் குறித்துக்கொண்டு, பெயர் சொல்லி அழைத்துக் கேட்கிறேன். மூன்று மணி நேரத்தை இரண்டாகக் குறைத்தோம். திரையின் முன் கவனம் அதற்குமேல் நிற்பதில்லை.

கதைக்குள் ஒரு கடிதமோ கல்வெட்டோ வந்தால், முன்பு அதற்கான எழுத்துரு தேடி, பின்னணிப் படம் தேடி, ஒரு மாலை முழுவதும் செலவிடுவேன். இப்போது டிகாக்ஷனில் நனைத்துக் காயவைத்த தாளில் பேனாவால் எழுதி, படமெடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன். என்னுடைய ஒளியூட்டிய கோட்டைகளுக்குக் கிடைக்காத வரவேற்பு அந்தத் தாளுக்குக் கிடைத்தது. டொராண்டோ நண்பன் தன் கைபேசியின் முகப்புப் படமாகவே அதை வைத்துக்கொண்டான்.

பெரிய மென்பொருள்களை வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. எல்லோரிடமும் நல்ல கணினி இருந்து, வாரந்தோறும் சண்டைக் களங்களில் ஆடி, தயாரிப்பு வேலையையே விரும்பிச் செய்யும் ஒருவர் நடத்துபவராக இருந்தால், ஃபவுண்ட்ரிக்குக் கொடுக்கும் 50 டாலர் பல ஆண்டுகளுக்கு உழைக்கும். அவர்களும்கூட ஒரு முழு ஆட்டத்தை இலவசக் கருவிகளில் நடத்திப் பார்த்து, எது குறைகிறது என்று ஆடியவர்களின் வாயாலேயே கேட்டுவிட்டு, அந்தக் குறையைத் தீர்க்கும் பொருளை மட்டும் வாங்கட்டும். ஆண்டுச் சந்தா மலிவு என்று காட்டினாலும் முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டட்டும். நான் சந்தா கட்டிய ஓராண்டில் கடைசி ஐந்து மாதம் அந்தத் தளத்தைத் திறக்கவே இல்லை.

சென்ற மாதம் எங்கள் கதையின் முதல் பாகம் முடிந்தது. அடுத்த பாகத்தை நெல்லைத் தோழி நடத்துகிறாள். தாமிரபரணிக் கரையில் நடக்கும் துப்பறியும் கதை. வரைபடம் எதுவும் கிடையாது, குறிப்புகள் எல்லாம் அவளுடைய கையெழுத்தில் ஒரு நோட்டில் இருக்கின்றன. தம்பிக்குத் தேர்வு நடப்பதால் கைபேசியிலிருந்தே நடத்துகிறாள். ஞாயிறு காலை ஏழரை மணிக்கு நான் அந்த 900 ரூபாய் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு காத்திருப்பேன்.